தட்டைக் கணக்கெடுப்பதா, பானையைக் கணக்கெடுப்பதா?

(குன்னூரில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கிலிருந்து சிம்ஸ் பூங்காப் பக்கம் நடந்தால் பாஸ்டர் நிறுவனம் வரும். அங்கே வெறிநாய்க்கடிக்கு ஊசிமருந்து தயாரித்த கதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே வளாகத்தில் நடந்த இன்னொரு வேலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் ஓர் ஆப்பைத் திறந்து 'நாலு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார்' என்று தட்டுகிறார்கள். உடனே மாவுச்சத்து இத்தனை கிராம், புரதம் இத்தனை கிராம், கொழுப்பு இத்தனை கிராம் என்று பதில் வந்துவிடுகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போனால், ஒரு வழி இந்த மலைக்கு வந்துதான் நிற்கும்.

நான் உணவியல் ஆலோசகர். முன்பெல்லாம் என்னிடம் வருகிறவர்கள் இரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுவார்கள். இப்போது கூடவே கைபேசியையும் நீட்டுகிறார்கள். 'மேடம், நேற்று புரோட்டீன் பதினெட்டு கிராம் குறைஞ்சுபோச்சு' என்கிறார் ஒருவர். பதினேழோ பத்தொன்பதோ இல்லை, பதினெட்டு. அந்தத் துல்லியத்தில் அவருக்கு இருக்கிற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் எழுதிவைக்கிற பழக்கத்தின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துவைத்துப் பேசுவது என்பதுதான் இன்றைய என் பாடு.

முதலில் குன்னூர்க் கதை. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக இங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கினார். தீட்டிய அரிசியையே தின்று கால் மரத்து, உடம்பு வீங்கிச் செத்துக்கொண்டிருந்தவர்களின் நோய் அது. அந்த ஆய்வுக்கூடம் வளர்ந்து, பத்தாண்டில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமானது. மெக்காரிசன் செய்த ஒரு சோதனையைச் சொன்னால் நமக்குக் கொஞ்சம் வலிக்கும். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் முதலிடத்தில் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்துச் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கடைசி. வங்காளத்து எலிகூட நம் எலியை முந்திவிட்டது. குன்னூரில் உட்கார்ந்துகொண்டு குன்னூர்க்காரர் சாப்பாட்டுக்குக் கடைசி மதிப்பெண் போட்டார் மனிதர். அந்த மதிப்பெண்ணை இன்னும் நாம் பெரிதாக மாற்றிவிடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

1935இல் மெக்காரிசன் இடத்துக்கு வாலஸ் அய்க்ராய்ட் வந்தார். பிற்காலத்தில் வங்கப் பஞ்ச விசாரணைக் குழுவில் இருந்தவர், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு முதல் தலைவராகப் போனவர் இவர்தான். 1937இல் இங்கிருந்து 'சுகாதார அறிக்கை எண் 23' என்று ஒரு மெலிந்த வெளியீடு வந்தது. இந்திய உணவுப் பொருள்களில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்ற அட்டவணை அது. அது பல பதிப்புகள் கண்டது. 1958இல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்குப் போனது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் தம் சகாக்களோடு அந்த அட்டவணையை விரித்து 1971இல் நூலாக்கினார். நாங்களெல்லாம் படித்த காலத்தில் அதுதான் எங்களுக்கு வேதம். பிறகு 2017இல் புதிய அட்டவணை வந்தது. நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, கடைத்தெருவில் சாமான் வாங்கி, 528 உணவுப் பொருள்களைப் புதிதாகச் சோதித்துப் போட்டார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அட்டவணையில் 'அரிசி, தீட்டியது, பச்சை: புரதம் ஏறத்தாழ 7.9 கிராம்' என்று இருக்கிறது. அது நம் வீட்டு அரிசி அல்ல. பல ஊர்களில் வாங்கி, கலந்து, அரைத்துச் சோதித்த அரிசியின் சராசரி. நீங்கள் வாங்குகிற பொன்னியோ, ரேஷன் புழுங்கலோ அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம், கீழே இருக்கலாம். சராசரி என்பதால் அது பொய்யாகிவிடாது. ஆனால் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற அந்த 9, உங்கள் தட்டுக்குப் பொறுப்பேற்காது.

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். 7.9 கிராம் புரதம் என்று எப்படிக் கண்டார்கள்? புரதத்தை யாரும் தனியாக எடுத்து நிறுக்கவில்லை. அதிலிருக்கிற நைட்ரஜனை அளக்கிறார்கள். டென்மார்க்கில் ஒரு பீர்த் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் கெல்டால் என்பவர் 1883இல் கண்ட முறை. புரதத்தில் சுமார் பதினாறு சதவீதம் நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டு, கிடைத்ததை 6.25ஆல் பெருக்குவார்கள், அரிசி போன்ற சிலவற்றுக்குக் கொஞ்சம் குறைந்த பெருக்கெண். நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் இந்த முறைக்கு அது புரதம்தான். 2008இல் சீனாவில் இதைத்தான் ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். தண்ணீர் விட்ட பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமின் என்ற வேதிப்பொருளைக் கலந்தார்கள். சோதனையில் புரதம் சரியாக இருந்தது. குழந்தைகளின் சிறுநீரகம் கெட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. ஆறு குழந்தைகள் இறந்தன.

மாவுச்சத்தின் கதை இதைவிட வேடிக்கை. பெரும்பாலான அட்டவணைகளில் அதை அளப்பதே இல்லை. நூறு கிராமில் தண்ணீர், புரதம், கொழுப்பு, சாம்பல் என்று அளந்ததையெல்லாம் கழித்து, மிச்சம் இருப்பது மாவுச்சத்து என்று எழுதிவிடுவார்கள். மற்றவற்றை அளந்ததில் வந்த தப்பெல்லாம் கடைசியில் மாவுச்சத்தின் தலையில் விழும்.

அப்புறம் கலோரி. புரதம் கிராமுக்கு 4, கொழுப்பு 9, மாவுச்சத்து 4. எல்லா ஆப்பும் இந்த மூன்று எண்ணை வைத்துத்தான் பிழைக்கிறது. இது வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் தந்தது. 1890களில் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில் ஒரு கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஒரு சின்னப் பெட்டி அறை செய்தார். உள்ளே ஒரு மடக்குக் கட்டில், நாற்காலி, மேசை. ஆளை உள்ளே அனுப்பி நாள்கணக்கில் பூட்டிவைத்தார்கள். சாப்பாடு ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் போகும்; கழிவு அதே வழியில் வெளியே வரும். அந்த ஆளின் உடல் விடுகிற சூட்டைக் குழாயில் ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவு சூடாயிற்று என்று அளப்பார்கள். உணவை எரித்தால் வரும் வெப்பத்திலிருந்து, மலத்திலும் சிறுநீரிலும் வீணாவதைக் கழித்து, அமெரிக்கர்கள் சாப்பிடுகிற கலவைச் சாப்பாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி முழு எண்ணாக்கியதுதான் 4-9-4. சாராயத்துக்கு 7. சாராயத்திலும் உடம்பு சக்தி எடுக்கிறது என்று அவர் சொன்னதற்கு மதுவிலக்குக்காரர்கள் அவரைப் பிடித்துக் காய்ச்சினார்கள். அது வேறு கதை.

அட்வாட்டரின் எண் எல்லாப் பொருளுக்கும் பொருந்துமா? 2012இல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் பாதாம்பருப்பை எடுத்துக்கொண்டார்கள். 28 கிராம் பாதாமில் கணக்குப்படி சுமார் 170 கலோரி. ஆட்களைச் சாப்பிடவைத்து அளந்தபோது 129தான் வந்தது. மென்று விழுங்கிய பருப்பின் செல்சுவருக்குள் கொஞ்சம் கொழுப்பு அப்படியே அடைபட்டு வெளியே போய்விடுகிறது. ஆப்பில் இன்றும் பல இடத்தில் 170தான் இருக்கிறது. காலையில் பத்துப் பாதாம் சாப்பிட்டுவிட்டுக் கலோரி ஏறிவிட்டதே என்று முகம் வாடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

இத்தனை சராசரிகளை அடுக்கி, அதன் உச்சியில் ஆப் உட்கார்ந்திருக்கிறது. மைக் லீ என்ற அமெரிக்க இளைஞர் தம் கல்யாணத்துக்கு முன் உடம்பைக் குறைக்க நினைத்தார். சாப்பிட்டதைப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி எழுதுவது அலுத்துப்போய், 2005இல் தொடங்கியதுதான் மைஃபிட்னஸ்பால். பத்தாண்டில் ஒரு விளையாட்டு உடை நிறுவனம் அதை 47.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2018இல் அதிலிருந்து 15 கோடிப் பேரின் கணக்கு விவரம் திருடுபோனது. நாம் தின்றதையெல்லாம் எழுதிவைக்கிற நோட்டு நம் வீட்டு அலமாரியில் இல்லை என்பது அன்றைக்குப் பலருக்கு உறைத்திருக்கும். நம் பக்கத்தில் 2012இல் பெங்களூரில் ஹெல்திஃபைமீ வந்தது; இட்லி, பொங்கல், ரசம் எல்லாம் அதில் உண்டு. இப்போது தட்டைப் படம் பிடித்தாலே கணக்கு சொல்கிற வசதியும் வந்துவிட்டது. படத்தில் சோறு தெரியும். சோற்றுக்குள் விட்ட நெய் தெரியாது.

ஆப்பின் பெரிய பலவீனம் அதன் பட்டியல்தான். பல ஆப்களில் யார் வேண்டுமானாலும் ஒரு பதார்த்தத்தைச் சேர்க்கலாம். 'சாம்பார்' என்று தேடிப்பாருங்கள். ஒரு கிண்ணத்துக்கு எண்பது கலோரி என்று ஒன்று, இருநூறு என்று ஒன்று. யார் வீட்டுச் சாம்பார்? கல்யாணப் பந்தியில் மூன்றாவது வரிசைக்கு வருகிற சாம்பாரா, முதல் வரிசைக்கு வந்ததா? 'சோறு' என்று தேடினால் அரிசியாக நிறுத்த கணக்கு ஒன்று, வெந்த சோற்றின் கணக்கு ஒன்று. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. வெந்த சோறு நூறு கிராமில் சுமார் 130. தட்டில் இருநூறு கிராம் சோற்றை நிறுத்துவிட்டு, அரிசிக் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் நானூறு கலோரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். என்னிடம் வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கிற தப்பு இதுதான்.

ஆகவே இட்லியை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலுக்கு ஒன்று என்று நிறுத்து 400 கிராம் இட்லி அரிசி, 100 கிராம் உளுத்தம்பருப்பு. அரிசியில் புரதம் சுமார் 31 கிராம், உளுந்தில் 23. மொத்தம் 54. இந்த மாவில் நடுத்தரமான இட்லி முப்பது வரும் என்று வையுங்கள். ஓர் இட்லிக்கு ஒன்றே முக்கால் கிராமுக்குச் சற்று மேல் புரதம், அறுபது கலோரிக்குச் சற்றுக் கீழ். ஊறவைத்த தண்ணீர், புளிப்பு, ஆவி எதுவும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. ஏனென்றால் நாம் எண்ணியது பாத்திரத்துக்குள் போன சாமானை. இட்லி பெரிசா சின்னதா என்ற வழக்குக்கே இடமில்லை. மாவு எத்தனை இட்லியாயிற்று என்று மட்டும் எண்ணினால் போதும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. இந்த ஆப்களின் முறை தனித்தனிப் பொட்டலமாகச் சாப்பிடுகிற நாட்டில் பிறந்தது. ஒரு ரொட்டித்துண்டு, ஒரு சீஸ் வில்லை, ஒரு டப்பா தயிர். பொட்டலத்தில் பார்கோடு இருக்கும். காட்டினால் கணக்கு வரும். நம் சாப்பாடு அப்படியா? ஒரு குழம்பில் பதினைந்து சாமான். தாளிக்க ஊற்றிய எண்ணெயை யாரும் அளப்பதில்லை; சட்டியின் அகலத்தைப் பார்த்துக் கை ஊற்றுகிறது. அந்தப் பானையிலிருந்து நாலு பேர் எடுக்கிறார்கள். தட்டுக்கு வந்த பிறகு எண்ண ஆரம்பித்தால் ஊகத்தைத்தான் எண்ண வேண்டும். அடுப்பில் ஏறுவதற்கு முன் எண்ணினால் நிஜத்தை எண்ணலாம்.

நாம் ஊகிக்கிறபோது எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதும் தெரிந்த விஷயம்தான். 1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு. நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்க மாட்டேன் என்கிறது என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டார்கள். உடம்பில் எதுவும் கோளாறு இல்லை. சக்திச் செலவைத் துல்லியமாகக் காட்டுகிற ஒரு விசேஷத் தண்ணீரைக் குடிக்கவைத்து இரண்டு வாரம் அளந்தார்கள். சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தை அவர்கள் எழுதவே இல்லை. உடற்பயிற்சியைப் பாதிக்கு மேல் கூட்டி எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்ல. நம் எல்லோருக்கும் வாய்க்குள் போனது பாதி மறந்துபோகிறது. பேரன் மிச்சம் வைத்த அரைத் தோசை, அடுக்களையில் நின்றுகொண்டே வாயில் போட்ட முறுக்குத்துண்டு, ஆபீஸில் மூன்றாவது டீ.

அப்படியானால் எழுதுவதே வீணா என்று முன்வரிசையில் ஒரு ஐயா முகத்தால் கேட்கிறார். வீண் இல்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரை வைத்து நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், சாப்பிட்டதைத் தினமும் எழுதியவர்கள், எழுதாதவர்களைப்போல இரண்டு மடங்கு எடை குறைந்தார்கள். அவர்கள் எழுதிய கணக்கு மட்டும் சுத்தமாக இருந்திருக்குமா? இருந்திருக்காது. எழுத வேண்டுமே என்ற நினைப்பு இரண்டாவது வடையை எடுக்கிற கையைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. எண்ணின் சரி, தப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

எண்ணித்தான் ஆகவேண்டியவர்களும் இருக்கிறார்கள். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகள் சாப்பாட்டு மாவுச்சத்தைக் கிராமில் எண்ணி அதற்குத் தக்கபடி இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் புரதத்துக்கு வரம்பு சொல்லியிருப்பார். யாரோ சொன்னார்கள் என்று ஜிம் பையன்களின் இலக்கை அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணவே கூடாதவர்களும் உண்டு. சாப்பாட்டையும் உடம்பையும் பற்றிய பயம் நோயாக முற்றியவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் மைஃபிட்னஸ்பால் வைத்திருந்தார்கள். அப்படி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்றார்கள். வீட்டில் வளர்கிற பெண் பிள்ளை அரை வாழைப்பழத்துக்குக் கணக்குப் போட்டுக் கண் கலங்கினால், பாராட்டாதீர்கள். அந்த ஆப்பை எடுத்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்கிற வழி மளிகைச் சீட்டு. மாதச் சாமான் கணக்கு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இப்போது பலருக்குக் கைபேசியிலேயே இருக்கிறது. நாலு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு இட்லி அரிசியும் சேர்த்து முப்பது கிலோ அரிசி. துவரம்பருப்பு இரண்டு கிலோ, உளுந்து இரண்டு கிலோ, எண்ணெய் நாலு லிட்டர், சர்க்கரை நாலு கிலோ, பால் தினம் ஒரு லிட்டர், முட்டை முப்பது. நாலு பேர், முப்பது நாள். எல்லாவற்றையும் நூற்றிருபதால் வகுங்கள்.

ஒருவருக்கு நாளுக்கு அரிசி 250 கிராம். அதில் புரதம் 20 கிராம். துவரம்பருப்பு 17 கிராம்தான் வருகிறது. அதில் புரதம் நாலு கிராம்கூட முழுசாக இல்லை. சாம்பார், பருப்புக் கடைசல், கூட்டு என்று தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா? ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிகூட இல்லை. உளுந்தில் இன்னொரு நாலு. பாலில் எட்டு. கால் முட்டையில் ஒன்றரை. மொத்தம் 37 கிராம். காய்கறி, தேங்காய், பிஸ்கட் எல்லாம் சேர்த்தால் நாற்பதைத் தாண்டலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அறுபது கிலோ உள்ளவருக்கு ஐம்பது கிராம். பத்து கிராம் குறைகிறது. அதைவிட முக்கியம், கிடைக்கிற புரதத்தில் பாதிக்கு மேல் அரிசியிலிருந்து வருகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு கூடச் சேர்ந்தால்தான் அந்தக் குறை தீரும். ஆப் அரிசிக் கிராமையும் முட்டைக் கிராமையும் ஒன்றாகக் கூட்டிப் பச்சை விளக்கு காட்டிவிடும்.

அதே சீட்டில் எண்ணெயைப் பாருங்கள். ஆளுக்கு நாளுக்கு முப்பது கிராம். அதாவது 270 கலோரி. தட்டைப் படம் பிடித்தால் தெரியாத கலோரி இது. மளிகைச் சீட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை. சர்க்கரை 33 கிராம். கடையில் சாப்பிட்டது தனி.

சென்னையிலிருந்து நடத்திய ஒரு பெரிய நாடளாவிய ஆய்வு 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் சராசரியாகத் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்றது அது. புரதத்திலிருந்து வருவது 12 சதவீதம்தான். நம் மளிகைச் சீட்டும் ஏறத்தாழ அதையேதான் சொல்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் விட்ட வழிகாட்டுதலில், தானியத்திலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் கலோரி வரவேண்டாம் என்று இருக்கிறது. மெக்காரிசனின் சென்னை எலி கடைசியில் நின்றதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஒரு கோளாறு மட்டும் தலைகீழாகிவிட்டது. அன்றைக்கு அரிசிச் சாப்பாட்டுக்காரர் மெலிந்து கிடந்தார். இன்றைக்கு அதே அரிசியோடு எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து தொப்பையும் சர்க்கரை நோயுமாக நிற்கிறார்.

மாற்றமும் மளிகைச் சீட்டிலேயே செய்யலாம். மாதம் மூன்று கிலோ கொண்டைக்கடலை, பயறு, காராமணி கூடுதலாக எழுதுங்கள். ஆளுக்கு நாளுக்கு ஐந்து கிராம் புரதம் கூடும். முட்டையை முப்பதிலிருந்து தொண்ணூறாக்கினால் இன்னொரு மூன்று. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி மீன் இருக்கிறது, விலையும் தாங்கும். அதற்குத் தக்கபடி அரிசியில் ஐந்து கிலோவை வெட்டுங்கள். இதற்குப் பிறகும் புரத பிஸ்கட், புரத மாவு டப்பா வேண்டும் என்கிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்து சுண்டல் விற்கிறவர் யாரும் தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுப்பதில்லை, அதனால்தான் அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

இந்த முறை என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அய்க்ராய்டின் ஆட்கள் 1930களில் தென்னிந்தியக் கிராமங்களுக்குப் போய் இப்படித்தான் செய்தார்கள். வீடு வீடாகப் போய், சமைப்பதற்கு முன் சாமானை நிறுத்தார்கள். சாப்பிடுகிற தலைகளை எண்ணி வகுத்தார்கள். தட்டைத் தொடவில்லை. அரசு குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து மக்களின் சத்துக் கணக்கைப் போடுவதும் இன்றுவரை ஏறத்தாழ இதே வழியில்தான். ஆப்பை விடச் சொல்லவில்லை. அதில் 'சமையல் குறிப்பு' என்று ஒரு பகுதி இருக்கும். உங்கள் வீட்டுச் சாம்பாரை, பொரியலை, இட்லி மாவை, நீங்கள் போடுகிற அளவோடு ஒரு முறை அதில் ஏற்றிவிடுங்கள். பட்டியலில் யாரோ ஏற்றிய சாம்பாரைத் தொடாதீர்கள். ஒரு கரண்டி எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு தடவை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் உங்கள் சாப்பாட்டின் போக்கு உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் தினமும் தட்டுவது ஆப்காரருக்குத்தான் லாபம்.

ஆனால் பானைக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. நான் நாலால் வகுத்தேன். வீடு நாலால் வகுப்பதில்லை.

முட்டைக் குழம்பு வைத்த நாளில் முட்டை முதலில் யார் தட்டுக்குப் போகிறது, மீன்துண்டில் நடுத்துண்டு யாருக்கு, சாம்பாரில் கெட்டி யாருக்கு, தெளிவு யாருக்கு என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். சமைக்கிறவர் கடைசியில் உட்காருகிறார். இருக்கிற சோறும் ரசமும், சட்டியின் ஓரத்தில் ஒட்டிய பொரியலும் அவர் பங்கு. சராசரி 37 கிராம் என்றால் அவர் தட்டில் முப்பதுகூட இருக்காது. என்னிடம் கைபேசியை நீட்டுகிறவர்களில் மகன்கள் உண்டு, கணவர்கள் உண்டு, கல்லூரிப் பெண்கள் உண்டு. நாலு பேருக்கும் பொங்கிப் போடுகிற அம்மா தான் சாப்பிட்டதைத் தட்டிக்கொண்டு வந்து நான் பார்த்தது அபூர்வம். அவர் இரத்தச்சோகைக்கு மாத்திரை வாங்க வருவார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், 'எல்லாம்தான் சாப்பிடுறேன்' என்பார்.

அந்த ஒருவருக்கு மட்டும் மளிகைச் சீட்டு போதாது. அவருக்குத் தட்டைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் ஆப் வைத்திருக்கிற தம்பிகள் யாராவது இங்கே இருந்தால், ஒரு வாரம் உங்கள் கணக்கை நிறுத்திவிட்டு அம்மா சாப்பிட்டதை ஏற்றுங்கள். அவரைக் கேட்டு எழுதாதீர்கள், அவர் சரியாகச் சொல்ல மாட்டார். அவர் உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள். வார முடிவில் புரதத்துக்கு நேரே என்ன எண் வருகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு முட்டையை யார் தட்டில் முதலில் வைப்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தேநீர் வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.